நீலத்துக்குக் காவல்

கரிசல் காட்டுக்கு நடுவே, மழை பொய்த்த வருஷங்களில் வெடிப்பைத் தவிர வேறொன்றும் விளையாத நிலத்தில், எங்கள் பல்கலைக்கழகம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதன் இயற்பியல் துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அணுவையும் ஒளியையும் ஆராய்கிற கூடம் ஒன்று இருந்தது, அதுவும் இன்னும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மின்சாரம் போனது, ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது, விளக்கு, லேசர், கணினி, மின்விசிறி என்று அணைய வேண்டியதெல்லாம் அணைந்தது, ஒன்று மட்டும் அணையவில்லை.

நான் தமிழ்த்துறையில் பாடம் நடத்துகிறவன். எனக்கு அணுவும் தெரியாது, ஒளியும் தெரியாது. இசக்கியம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்ட்ரான்சியம் என்று ஓர் உலோகம் இருக்கிறதாம், அதைச் சின்ன உலையில் வைத்துச் சூடாக்கினால் அதன் அணுக்கள் ஆவியாகிக் குழாய் வழியே தலைதெறிக்க ஓடிவருமாம், எதிரே நீல லேசரை அடித்து அவற்றின் ஓட்டத்தைத் தணித்து, காற்றே இல்லாத கண்ணாடிக் கூட்டுக்குள் ஆறு பக்கமும் வெளிச்சத்தால் நெருக்கிப் பிடித்தால், கோடிக்கணக்கான அணுக்கள் ஓர் உளுந்தம்பருப்பு அளவுக்குத் திரண்டு நின்று நீலமாக எரியுமாம். லேசரை அணைத்தால் இமைக்கிற நேரம்கூட நிற்காமல் உதிர்ந்துபோய்விட வேண்டும் என்பதுதான் சட்டமாம். அன்றைக்கு அது உதிரவில்லை. இருட்டுக்கு நடுவில், யாரும் பிடிக்காமல், தானாக நின்றது.

அப்போது கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர் அருமைநாயகம், அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷத்தில் இருந்த இசக்கியம்மாள், கருவிகளைப் பராமரிக்கிற காதர் மைதீன். பேராசிரியரும் இசக்கியும் கூட்டைக் கவனிக்காமல் ஜெனரேட்டரைப் பார்க்க வெளியே ஓடினார்கள். காதர் வாசல்வரை போய் வராந்தாவில் நின்று சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். திரும்பியவர் கத்தினார்.

"சார், நான் அந்தப் பக்கம் திரும்பினதும் மங்கிப்போச்சு சார். இப்ப பாக்கப் பாக்க மறுபடி எரியுது. பாத்தாத்தான் எரியுது சார்!"

இது ஒன்றுதான் ஆதாரம். ஒரே மனிதர், ஒரே தடவை பார்த்தது. எதையும் நூறு தடவை அளந்து, நூற்றுக்கும் சராசரி எடுத்து, அதிலும் சந்தேகம் வைக்கிறவர்கள் அவர்கள். ஆனால் இதை மட்டும் இரண்டாவது தடவை சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் எல்லாரும் ஒருசேர முகத்தைத் திருப்ப வேண்டும், திருப்பி அது அணைந்துபோனால் அந்தப் பழியை யார் சுமப்பது? உலகத்தில் வேறெங்கும் நடக்காத ஒன்று நம் கையில் வந்து நிற்கிறது, அதை நாமே ஊதி அணைப்பதா? அருமைநாயகம் அன்று இரண்டே வார்த்தை சொன்னார்: "பாத்துட்டே இருப்போம்." எங்கள் ஊரின் அடுத்த எட்டு வருஷமும் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போனது.

முதல் வாரம் அவர்கள் மூவர் மட்டும் மாறிமாறிப் பார்த்தார்கள். கண் சிவந்து வீங்கியதும் துறையிலிருந்து ஆள் சேர்த்தார்கள், துறை போதாமல் வேதியியலிலிருந்தும், வேதியியல் போதாமல் தமிழ்த்துறையிலிருந்தும், பிறகு அலுவலகத்திலிருந்தும் விடுதிச் சமையற்கட்டிலிருந்தும், கடைசியில் ஊருக்குள்ளிருந்தும் சேர்த்தார்கள். ஒரு முறை என்பது நான்கு மணி நேரக் காவல். பகல் முறைகள் கூடத்து ஆட்களுக்கு, மற்றவை எங்களுக்கு. கதவில் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். லேசர் கூடத்தில் நுழைகிறவர்கள் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும், உலோகத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைப் பறித்துவிடும் என்பது அங்கே பழைய விதி. லேசரே இல்லாத இந்தக் காவலுக்கும் அந்த விதி தொடர்ந்தது, வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு வைத்தார்கள், கவனம் சிதறக்கூடாது என்று கைப்பேசியும் அதற்குள் போனது.

இன்னொரு வழக்கமும் அங்கிருந்தே வந்தது. லென்ஸையோ கண்ணாடியையோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, வாங்குகிறவர் "பிடிச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கொடுக்கிறவர் "விட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்தச் சொல் வருகிறவரை பொருள் கொடுப்பவரின் பொறுப்பு. எப்போதோ இருவருமே மற்றவர் பிடித்திருக்கிறார் என்று நினைத்து ஒரு லென்ஸ் தரையில் விழுந்து நொறுங்கிய நாளிலிருந்து இது விதி. நீலம் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த வெளிச்சத்தையும் அப்படித்தான் கைமாற்றினோம். முறைக்கு வருகிறவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கூட்டுக்குள் பார்வையைச் செலுத்தி, "பிடிச்சுட்டேன்" என்பார். முறை முடிகிறவர் "விட்டேன்" என்பார். பிறகுதான் எழுந்திருப்பார். "விட்டேன்" என்று சொல்லாமல் எழுந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது.

நீலம் என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள், காய்ச்சல் அதன்பாட்டுக்கு இருந்தது. மழை கேட்டு வந்தார்கள், மழை அதன்பாட்டுக்கு வராமல் இருந்தது. தாலி கட்டிய கையோடு புதுமணத் தம்பதிகள் வந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களில் சிலர் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள், சிலர் அடித்துக்கொண்டார்கள். மாரியம்மன் சப்பரம் துறைக் கட்டட வாசலில் நின்று தீபாராதனை வாங்கிப் போகும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்கள் வராந்தாவில் ஒரு நிமிஷம் நிற்பார்கள், ஆயுத பூஜைக்கு, கூடு வைத்திருந்த கனத்த மேஜையின் நாலு கால்களுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து படம் எடுத்து, தலையை ஆட்டி, கைகுலுக்கிப் போனார்கள். அருமைநாயகம் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். இன்னொரு முறை செய்துகாட்டுங்கள் என்று திரும்பி வந்தது. மூன்று தடவை அனுப்பினார், மூன்று தடவையும் அதே பதில்.

இன்னொரு முறை செய்ய வேண்டுமானால் அந்தக் கண்ணாடிக் கூட்டைத் தொட வேண்டும், தொட யாருக்கும் மனம் வரவில்லை. வேறு சோதனை செய்ய வேறு கூடு இல்லை. அதனால் இசக்கியின் ஆராய்ச்சி மூன்றாம் வருஷத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று நான்கானது, நான்கு பதினொன்றானது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொண்ணுக்கு எத்தனை மணி முறை?" என்று கேட்டார்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, ஞாயிறும் உண்டு என்றதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு பெண் பார்க்க வருவதும் நின்றது. அவளுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ள நேரமில்லை.

ஒவ்வொருவரும் ஒன்றைக் கொடுத்தோம். காதர் மைதீன் தன் ஒரே மகளின் நிக்காஹ் நடந்த நேரத்தில் முறையில் உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை வீட்டார் பிரியாணி சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போதுதான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். விடுதிச் சமையற்காரர் மாரியப்பனுக்குப் பிறந்த குழந்தை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது, அந்த இரண்டு நாளில் அவர் அதைப் பார்த்தது ஒரு தடவை. அருமைநாயகத்தின் மனைவி, "உங்களுக்கு நான் வேண்டாம், அந்தப் பொட்டு வெளிச்சம் போதும்" என்று பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் எல்லாருடைய கொடையையும் தூக்கிச் சாப்பிட்டது இசக்கியின் கொடை. ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, அம்பாசமுத்திரத்திலிருந்து அவள் தம்பி சுடலைமணி கூப்பிட்டான்.

"எக்கா, அப்பா உன்னையத்தான் தேடுதாரு. கண்ணத் தொறந்தா வாசலைப் பாக்காரு. இப்பமே கெளம்பி வா."

"முறை இருக்குல்லா மணி. பன்னெண்டுக்கு முடிஞ்சதும் வண்டி ஏறிருதேன். சாயங்காலம் அங்க இருப்பேன்னு அப்பாட்ட சொல்லு."

"எவனாவது பாத்துக்கிடட்டும்க்கா."

"யாரு இருக்கா? அணைஞ்சு போச்சுன்னா?"

அவன் வைத்துவிட்டான். எட்டு மணிக்கு அவள் கைப்பேசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நாற்பதுக்கு அப்பா போய்விட்டார். பதினொரு அழைப்புகள் அந்தத் தட்டில் அதிர்ந்து ஓய்ந்தன, கனத்த கதவுக்கு உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முறையாக "விட்டேன்" சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஊரில் அவளைப் பார்க்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பன் சாவுக்கே அசையாதவள் என்று பெருமையாகச் சொன்னோம், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சுடலைமணி மட்டும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

இந்த வருஷம் அப்பாவின் இரண்டாவது திதிக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. தம்பி முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் எண்ணம் வந்தது. கூடத்தின் மூலையில் நிர்வாகம் ஒரு கேமரா மாட்டியிருந்தது, முறைக்கு ஆள் சரியாக வருகிறார்களா என்று பார்க்க. மாட்டியதோடு சரி, அதன் பதிவுகளை யாரும் பார்த்ததில்லை, அழிக்கவும் யாருக்கும் தெரியவில்லை, அதனால் எல்லாம் அப்படியே கிடந்தன. அப்பா போன அந்தப் பத்து நாற்பதுக்குத் தான் எப்படி இருந்தோம் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. கண்ணை அகல விரித்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த தன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்பாவுக்குப் போகாததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். இவ்வளவு நாள் அந்த நியாயத்தை நம்பித்தான் அவள் சாப்பிட்டாள், எழுந்தாள், முறைக்குப் போனாள்.

அலுவலகத்தின் பின்னறையில், ஒரு மத்தியானம், தேதியைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பத்து இருபத்திரண்டுக்குத் திரையில் இருந்த இசக்கியின் தலை மெல்லச் சரிந்தது. மோவாய் நெஞ்சில் பட்டது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. பத்து ஐம்பத்தொன்றுக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்து, கண்ணைக் கசக்கி, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பார்க்க ஆரம்பித்தது. இருபத்தொன்பது நிமிஷம். அந்த இருபத்தொன்பது நிமிஷமும் அறையில் விழித்திருந்த கண் ஒன்றுகூட இல்லை, நீலம் கூட்டுக்குள் எப்போதும்போல் நின்று எரிந்தது, மங்கக்கூட இல்லை. அந்த நேரத்துக்குள்தான் அம்பாசமுத்திரத்தில் அவள் அப்பா வாசலைப் பார்த்துப் பார்த்துச் செத்துப்போயிருந்தார்.

அவள் அழவில்லை. அணைத்துவிட்டு எழுந்து, கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து, வேறு தேதிகளைப் போட்டாள். மூன்று நாள் மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து பார்த்தாள். எல்லாரும் தூங்கினார்கள். காதர் நாற்காலியின் பின்னால் தலையைச் சாய்த்துத் தூங்கினார். மாரியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு தூங்கினார். அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டே தூங்கினார். நானும் தூங்கியிருக்கிறேன், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பதினேழு நிமிஷம். விழித்ததும் ஒவ்வொருவரும் செய்தது ஒன்றுதான்: பதறி நிமிர்ந்து கூட்டைப் பார்த்தோம், நீலம் நிற்பதைப் பார்த்தோம், கேமரா இருப்பது நினைவு வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டோம், யாரிடமும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் நேர்ந்த தப்பு, நமக்கு மட்டும் கிடைத்த மன்னிப்பு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டோம். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

காதரின் அந்த முதல் நாளும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வராந்தாவில் பதினொரு மணி வெயில். வெயிலைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்பிய கண்ணுக்கு எதுதான் மங்கலாகத் தெரியாது? கொஞ்ச நேரம் கழித்துக் கண் பழகியதும் எதுதான் தெளிவாகத் தெரியாது? பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். வெளிச்சத்தோடே வேலை செய்த மூன்று பேரும் தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் நேரே அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் ஆறிப்போன தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க முறையில தூங்கியிருக்கீங்க."

"எத்தனை நிமிஷம்மா?"

"நாப்பத்திரெண்டு. போன மாசம்."

"அது கொஞ்சம்" என்றார் அவர்.

அவரே தொடர்ந்தார்.

"முதல் வருஷமே தெரியும் இசக்கி. ஆடி மாசம் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நின்னுட்டிருக்கு. எனக்காக நிக்குதுன்னு நினைச்சு முழங்கால் போட்டு அழுதேன். மறுவாரமும் தூங்கினேன். மறுபடியும் நின்னுச்சு. அப்புறம்தான், எனக்காக இல்ல, யாருக்காகவும் இல்லன்னு புரிஞ்சுது."

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லலாம்னு இருந்த வாரத்துலதான் காதர் மக நிக்காஹ்க்குப் போகாம வந்து உக்காந்தான். அவன் மூஞ்சியப் பாத்து என்னன்னு சொல்ல? அடுத்த வருஷம் சொல்லலாம்னு பாத்தா மாரியப்பன் பிள்ளை. அப்புறம் உங்க அப்பா. ஒவ்வொருத்தரா வந்து சேந்துக்கிட்டே போச்சும்மா. இப்ப நான் வாயத் தொறந்தா, அத்தனை பேருக்கும் அந்த நாளைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"சொன்னா இனிமே ஒருத்தராவது வீட்டுக்குப் போவாங்கல்லா சார்?"

"யாரு போவா?" என்று கேட்டார் அருமைநாயகம். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். அவளுக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது, வெறுப்பு வந்த வேகத்திலேயே வற்றிப்போனது.

ஆனால் போக வேண்டிய ஒருத்தி இருந்தாள். சகாய ஜெனிலா, போன வருஷம்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள், குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண், இசக்கிக்கு அடுத்த முறை அவளுடையது, பன்னிரண்டிலிருந்து நாலு. அவள் அம்மா நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு நாள் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டதாக விடுதியில் எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் அவள் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது கனத்த கதவு திறந்தது. ஜெனிலா கைப்பேசியைத் தட்டில் வைத்துவிட்டு, காதுத் தோட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். இசக்கி கூட்டிலிருந்து பார்வையை எடுத்து, முறை முடியாமலே, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"ஜெனி, எழுந்திரி. நாகர்கோவில் வண்டி பன்னெண்டரைக்கு இருக்கு."

"முறை இருக்குக்கா."

"முறையெல்லாம் சும்மா. இது யாரு பாக்காட்டியும் அணையாது. நான் கேமராவுல பாத்துட்டேன். எங்க அப்பா சாகும்போது நான் தூங்கிட்டிருந்தேன் ஜெனி. அது பாட்டுக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. நம்ம யாரும் இதுக்கு வேண்டாம்."

ஜெனிலா தலையைக் குனிந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சேந்த ரெண்டாவது வாரமே தூங்கிட்டேன். ஒரு மணி நேரம். இருந்துச்சு."

"பின்ன ஏன்ட்டி இங்க வந்து உக்காந்திருக்க? உங்க அம்மா அங்க..."

"நீங்க உங்க அப்பாவுக்கே போகலையேக்கா" என்றாள் ஜெனிலா. "நான் எப்படிப் போவேன்?"

உண்மை தெரிந்தால் போதும், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையை இந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பது நீலம் இல்லை, தன் அப்பாவின் சாவு. தானே முடிந்து வைத்த முடிச்சு. தான் அன்றைக்குப் போயிருந்தால் இவளும் இன்றைக்குப் போயிருப்பாள். அவள் இரண்டு கையாலும் ஜெனிலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், திட்டினாள், கெஞ்சினாள். ஜெனிலா அழுதாள், எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆனது. ஜெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டைப் பார்த்தாள்.

"பிடிச்சுட்டேன்க்கா. விடுங்க."

இசக்கி கூட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, பிடிச்சுட்டேன்."

"நான் விடல" என்றாள் இசக்கி.

"அக்கா?"

"நான் விடல ஜெனி. நான் விடுற வரைக்கும் என் பொறுப்பு. நீ பிடிச்சதுக்கு அர்த்தம் இல்ல. விதி அதான? உனக்கு இங்க வேலை இல்ல. எந்திரிச்சுப் போ."

ஜெனிலா மெல்ல எழுந்தாள். உண்மையைச் சொன்னபோது அசையாதவள் விதியைச் சொன்னதும் எழுந்தாள். கதவு திறந்தபடியே நின்றது, தட்டில் தோடு உரசும் சத்தம் கேட்டது, வராந்தாவில் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது, பன்னிரண்டரை வண்டியை அவள் பிடித்துவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

நாலு மணிக்குக் காதர் வந்து உட்கார்ந்து "பிடிச்சுட்டேன்" என்றார். "நான் விடல காதர் அண்ணன். மக வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். அவர் எழுந்து போனார். எட்டு மணிக்கு வந்த மாரியப்பனும் போனார். மறுநாள் அருமைநாயகம் வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து போய்ப் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தார். இதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம், எதற்குத்தான் பழகவில்லை. பட்டியல் இன்னும் கதவில் இருக்கிறது, அவரவர் நேரத்துக்கு வருகிறோம், தட்டில் சாமானை வைக்கிறோம், இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து "பிடிச்சுட்டேன்" என்கிறோம், பதில் வராமல் போனதும் எழுந்து அவரவர் வேலைக்குப் போகிறோம். சோறு கொண்டுவந்து வைக்கிறோம். அவள் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிறாள், உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், தூங்கும்போதும் விடவில்லை என்றுதான் கணக்கு. எழுந்து போனால் அடுத்தவர் பிடிக்க வேண்டியிருக்கும். நீலம் அவளையும் கண்டுகொள்ளவில்லை.

அவள் விடாமல் உட்கார்ந்த மூன்றாம் நாள் வியாழக்கிழமை, காதருக்குப் பதில் என் முறை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவை யாரோ சரியாகச் சாத்தாமல் போயிருந்தார்கள், தட்டில் ஒரு கைப்பேசி அதிர்ந்து எவர்சில்வரில் தடதடத்தது. இசக்கியின் கைப்பேசி, மூன்று நாளாக அங்கேயே கிடந்தது, யாரோ இரக்கப்பட்டுச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். இருவரும் கேட்டோம். அவள் எழுந்து போய் எடுத்திருக்கலாம், அறையில் நான் இருந்தேன், நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான்தான் போய் எடுத்துவந்து அவள் காதில் வைத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அக்கா" என்றாள் ஜெனிலா. "அம்மா போயிட்டாங்க. இப்பதான். நேத்து பூரா என்னைப் பாத்துட்டே இருந்தாங்க. கையப் பிடிச்சிட்டேதான் இருந்தேன்."

இசக்கி நாற்காலியின் கைகளை விடாமலே கேட்டாள்.

"விட்டுட்டியா?"

"இல்லக்கா. இன்னும் விடல. நர்ஸ் விடச் சொல்றாங்க."

இசக்கி அப்போது அழுதாள். அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து, அந்த உதவாத வெளிச்சத்தை நேராகப் பார்த்தபடி, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதாள். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி ஜெனி" என்றாள். "மெதுவா விடு."